ஒரே ஒரு மணியோசை

குழந்தைகளே! முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூட மணியோசையைக் கேட்டே வாழ்ந்தவள் நான். காலையில் முதல் மணி, இடைவேளை மணி, சாப்பாட்டு மணி, அப்புறம் சாயங்காலம் நீங்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பீர்களே, அந்த நீளமான மணி! வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, 'இனிமேல் மணிக்கும் நமக்கும் சம்பந்தமில்லை' என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி நினைத்த நான், 2018ல் ஒரு மணியை அடிப்பதற்காகவே நடுராத்திரியில் எழுந்து, 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறினேன். அதுவும் தன்னந்தனியாக, அறுபது வயதை நெருங்கும்போது! அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இலங்கையின் நடுப்பகுதி மலைநாடு. தேயிலைத் தோட்டங்களும் அருவிகளும் நிறைந்த பகுதி. அங்கே கூம்பு போல ஒரு சிகரம் தனியாகத் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உயரம் 2,243 மீட்டர். அதாவது 7,359 அடி. இலங்கையின் மிக உயரமான மலை இதுவல்ல. அந்தப் பெருமை நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிதுருதலாகலைக்கு (2,524 மீட்டர்). ஆனால், பெயர் வாங்குவதில் இந்த மலையை எதுவும் ஜெயிக்க முடியாது. தமிழர்கள் சிவனொளிபாத மலை என்கிறார்கள். சிங்களவர்கள் ஸ்ரீபாத என்கிறார்கள். வண்ணத்துப்பூச்சி மலை என்ற பொருளில் 'சமனல கந்த' என்றும் சொல்வது உண்டு. வெளிநாட்டுக்காரர்களுக்கு இது ஆதாம் சிகரம்.

காரணம், உச்சிப் பாறையில் இருக்கும் ஒரு பள்ளம். பார்ப்பதற்குப் பெரிய காலடித் தடம் போல இருக்குமாம். அது புத்தரின் பாதம் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. சிவபெருமானின் பாதம் என்பது இந்துக்களின் நம்பிக்கை. முதல் மனிதர் ஆதாமின் பாதம் என்கிறார்கள் முஸ்லிம்கள். புனித தோமையாரின் பாதம் என்று சொல்லும் கிறிஸ்தவர்களும் உண்டு. யார் பாதமாக இருந்தாலும் ஏற வேண்டிய படிகள் எல்லாருக்கும் ஒன்றுதான்!

சரி, எனக்கு அங்கே என்ன வேலை?

நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் சில வருடம் வேலை பார்த்தேன். அங்கே என்னோடு இருந்த ஆசிரியை ஒருத்தி எனக்கு நல்ல தோழி. என்னைவிட மூன்று வயது சிறியவள். 'அக்கா, அக்கா' என்று உயிரை விடுவாள். அவள் பிறந்தது இலங்கையில், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அப்பா, அம்மா இருவருக்கும் தோட்டத்தில் வேலை. தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளுக்கு அங்கே 'லயம்' என்று பெயர். அவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்தால், எதிரே சிவனொளிபாத மலை. யாத்திரைக் காலத்தில் ராத்திரி முழுக்கப் படிகளில் விளக்கு எரியும். 'வானத்துல இருந்து ஒரு பாசிமணி மாலையைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும்கா' என்பாள்.

அவள் அப்பா மூன்று முறை அந்த மலையில் ஏறியவர். 'உனக்குப் பத்து வயசு ஆகட்டும், கூட்டிக்கிட்டுப் போறேன்' என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

பத்து வயசும் ஆயிற்று. அதே வருடம், 1972ல், அவர்கள் குடும்பம் இந்தியாவுக்குக் கிளம்ப வேண்டும் என்று தாள் வந்துவிட்டது. 1964ல் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன்படி, தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த லட்சக்கணக்கான தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் இந்தக் குடும்பமும் ஒன்று. தலைமன்னார் வரை ரயில். அங்கிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பல். யாத்திரைக் காலம் தொடங்குவதற்கு முன்பே கப்பல் கிளம்பிவிட்டது. அவள் மலை ஏறவில்லை.

நான் ஓய்வூதியக்காரர்கள் சிலரோடு சேர்ந்து இலங்கைக்குச் சுற்றுலா போகிறேன் என்று தெரிந்ததும், போனில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். "அக்கா, மலை உச்சியில ஒரு மணி இருக்கும். ஏறினவங்க எல்லாரும் அடிப்பாங்க. எங்கப்பா மூணு மணி அடிச்சாராம். நீங்க ரெண்டு அடிங்க. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு."

"இதென்ன பெரிய விஷயம், அடிச்சுட்டாப் போச்சு!" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொழும்பு, கண்டி பார்த்துவிட்டு எங்கள் குழு நுவரெலியாவுக்கு வந்தது. அங்கே இரண்டு நாள் ஓய்வு. 'மலைக்கு யார் யார் வருகிறீர்கள்?' என்று கேட்டேன். ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்குத் தூக்கம்! கடைசியில் நான் மட்டும்தான்.

தனியாகப் போவது என்றால் யாருக்கும் சொல்லாமல் போவது என்று அர்த்தமில்லை. குழுத் தலைவரிடம் போகும் இடம், தங்கும் இடம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் வராவிட்டால் எங்கே விசாரிப்பது என்பதையும் எழுதினேன். அதே தாளின் நகல் ஒன்று என் கைப்பையில். (நீங்கள் இப்போதே 'டீச்சரே தனியாகத்தானே போனாங்க' என்று கிளம்பிவிடாதீர்கள். உங்கள் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்!)

நானுஓயா ஸ்டேஷனில் ரயில் ஏறி, ஹட்டனில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் நல்லதண்ணி போய்ச் சேர்ந்தேன். மலையடிவாரத்து ஊருக்கு எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்! வழியில் மவுசாகலை நீர்த்தேக்கம் வருகிறது. பழைய மஸ்கெலியா ஊர் அதன் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயிலின் மிச்சங்கள் வெளியே தெரியுமாம். நான் போனபோது தண்ணீர் நிறைய இருந்தது.

டிசம்பர் மாதப் பௌர்ணமியிலிருந்து மே மாதப் பௌர்ணமி வரைதான் யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் மழை, காற்று, அட்டைப்பூச்சி. படி விளக்குகளும் எரியாது. நான் போனது பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை. லீவு நாள் இல்லை, பௌர்ணமியும் இல்லை. அதனால் கூட்டம் குறைவு. சூரிய உதயத்தை உச்சியில் பார்க்க வேண்டும் என்றால் ராத்திரியே ஏற வேண்டும். ஒன்றரை மணிக்கு அறையைப் பூட்டினேன். தோளில் ஒரு பை. அதில் தண்ணீர் பாட்டில், கடலை மிட்டாய், ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. கையில் டார்ச் லைட்.

அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஏற வேண்டிய உயரம் மட்டும் சுமார் ஆயிரம் மீட்டர். திருச்சி மலைக்கோட்டை பார்த்திருக்கிறீர்களா? அதன் உயரம் 83 மீட்டர். அதைப் போலப் பன்னிரண்டு மலைக்கோட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கீழிருந்து மேலே ஏறுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதுதான்!

முதலில் ஏற்றமே தெரியவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதை. அப்புறம் ஒரு பெரிய தோரண வாயில். அதைத் தாண்டினால், ஜப்பான் நாட்டுப் புத்த பிக்குகள் கட்டிய வெள்ளைத் தாதுகோபுரம் இருட்டில் பளிச்சென்று தெரிகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் படிகள் ஆரம்பித்தன. 'நாம் நீலகிரியில் நடந்த கால் அல்லவா!' என்று எனக்குள் ஒரு கர்வம். நூறு படி, இருநூறு படி என்று எண்ணிக்கொண்டே விறுவிறுவென்று ஏறினேன். முன்னால் போனவர்கள் இரண்டு பேரை முந்திக்கூடச் சென்றேன்!

அங்கேதான் தப்பு செய்தேன்.

கூட யாராவது வந்தால் பேசிக்கொண்டு போவோம். பேச்சே நம் வேகத்தைக் குறைத்துவிடும். 'கொஞ்சம் நில்லுங்க' என்று அவர்கள் கேட்பார்கள். நமக்கும் ஓய்வு கிடைக்கும். தனியாகப் போனால் நிறுத்த ஆளில்லை. சுமார் மூன்று மணிக்கு, படிகள் செங்குத்தாக மாறிய இடத்தில், நெஞ்சு 'திக் திக்'கென்று அடித்தது. வாயால் மூச்சு வாங்கினேன். 840 வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எண்ணிக்கை எங்கே போயிற்றோ!

அன்று பாதையில் ஓர் இடத்தில் விளக்கு எரியவில்லை. முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் என் மூச்சுக்காற்று புகை போலத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், நிலா மறைந்துவிட்ட வடக்கு வானத்தில் சப்தரிஷி மண்டலம். ஏழு நட்சத்திரங்களும் அத்தனை தெளிவு! ரசிக்கும் நிலையில்தான் நான் இல்லை. 'இங்கே மயங்கி விழுந்தால் அடுத்த ஆள் வர எவ்வளவு நேரம் ஆகும்?' என்று மனசு கணக்குப் போட்டது. பயமாகத்தான் இருந்தது. டீச்சருக்குப் பயமே கிடையாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் எனக்கு நானே ஒரு விதி போட்டிருந்தேன். எங்கே சந்தேகம் வந்தாலும் நின்று, பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூச்சு இரைக்காமல் பதினாறு வரை சொல்லிவிட்டால், ஏறலாம். சொல்ல முடியாவிட்டால் உட்கார வேண்டும். பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் முடியாவிட்டால், மறுபேச்சு இல்லாமல் கீழே இறங்கிவிட வேண்டும். இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. நடக்கும்போது நம்மால் தொடர்ந்து பேச முடிகிறதா என்று பார்ப்பது, உடம்பு சிரமப்படும் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி.

சொல்லிப் பார்த்தேன். "ஓர் பதிமூணு பதிமூணு... ஈர் பதிமூணு இருபத்தாறு..." ஐம்பத்திரண்டைத் தாண்ட முடியவில்லை!

மெல்ல மெல்ல, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலே வெளிச்சம் தெரிந்த தேநீர்க் கடை வரை போய் உட்கார்ந்தேன். யாத்திரைக் காலத்தில் பாதை நெடுகிலும் இப்படிக் கடைகள் உண்டு. கடையில் இருந்த இளைஞர் என் முகத்தைப் பார்த்ததுமே இஞ்சி தட்டிப் போட்டு, பால் இல்லாத தேத்தண்ணி ஒன்றை நீட்டினார்.

"அம்மா இந்தியாவா? தனியாவா வந்தீங்க?"

தலையை மட்டும் ஆட்டினேன். பேச்சு வரவில்லை.

"மெதுவா குடிங்க. விடியறதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. 'இந்தா வந்துருச்சு, கிட்டத்துலதான்'னு யாராச்சும் சொன்னா மட்டும் நம்பிறாதீங்க. இந்த மலையில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க!"

சிரித்துவிட்டேன். சிரித்ததில் பாதிக் களைப்பு போய்விட்டது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிதாகும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்த மலை உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. பொறுமையாக ஏறினால் இந்த உயரம் ஒன்றும் செய்யாது. என்னைத் திணறடித்தது பெரும்பாலும் என் அவசரம்தான்.

"எத்தனாவது தடவை ஏறுறீங்க?" என்று கேட்டார் அந்த இளைஞர்.

"இதுதான் முதல் தடவை."

"அப்ப ஒரு மணி."

"என்னது?"

"உச்சியில மணி இருக்குல்ல? எத்தனை தடவை மலை ஏறியிருக்கமோ அத்தனை தடவைதான் அடிக்கணும். மொத தடவைன்னா ஒண்ணு. நான் பதினோரு மணி அடிக்கிற ஆளு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோழியின் அப்பா மூன்று மணி அடித்தார் என்றால், அது அவருடைய மூன்றாவது ஏற்றம்! இதை ஏன் நான் யோசிக்கவே இல்லை? ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு என்று இரண்டு அடிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேனே!

பத்து நிமிடம் கழித்து வாய்ப்பாட்டை மறுபடி ஆரம்பித்தேன். கடைக்கார இளைஞர் விநோதமாகப் பார்த்தார். 208 வரை தடுமாறாமல் வந்துவிட்டது. எழுந்தேன். இந்த முறை பத்துப் படி ஏறுவது, நிற்பது. பத்துப் படி, நிற்பது. நான் முந்திச் சென்ற அந்த இருவரும் இப்போது என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்களில் ஒருவர் வெள்ளைச் சேலை கட்டிய சிங்களப் பாட்டி. எழுபது வயதுக்குக் குறையாது. என்னைப் பார்த்து, "கருணாவயி" என்றார். இந்த மலையில் ஏறுபவர்களும் இறங்குபவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்து அது. நம் 'கருணை'தான் அதில் இருக்கிறது. நானும் "கருணாவயி" என்றேன். எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரே சொல்!

ஓர் இடத்தில் கைப்பிடிக் கம்பிகளில் வெள்ளை நூல் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. புத்தர் இந்த மலைக்கு வந்தபோது தம் கிழிந்த ஆடையைத் தைத்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. அதன் நினைவாக யாத்திரிகர்கள் நூலைக் கட்டிக்கொண்டே போகிறார்கள்.

கடைசிப் பகுதி மிகவும் செங்குத்து. படியில் கால், கம்பியில் கை, பார்வை அடுத்த படியில். அங்கே எனக்கு இபின் பதூதாவின் ஞாபகம் வந்தது. மொராக்கோ நாட்டிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றியவர். 1344ல் மாலத்தீவிலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்கு வரக் கப்பல் ஏறினார். காற்று அவரை இலங்கையில் கொண்டுபோய்த் தள்ளியது. புத்தளத்தில் அவரை வரவேற்றவர், யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி. 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று அரசர் கேட்டபோது, இபின் பதூதா பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. ஆதாமின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம்! அரசரும் பல்லக்கு, வழி தெரிந்த யோகிகள், சாப்பாட்டுச் சாமான் சுமக்க ஆட்கள் என்று ஒரு கூட்டத்தையே கூட அனுப்பி வைத்தார். அப்போது இப்படிப் படிகளும் விளக்குகளும் ஏது? பாறையில் அடித்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அந்தச் சங்கிலிகளைப் பற்றி அவர் எழுதியே வைத்திருக்கிறார். அவரை நினைத்ததும், கையில் இருந்த கம்பி எனக்குப் பெரிய சௌகரியமாகத் தெரிந்தது.

ஐந்தே முக்கால் மணிக்கு உச்சி!

மேலே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கல் தரை பனிக்கட்டி மாதிரி சில்லிட்டது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். கொழும்புக் கடற்கரையைவிட இங்கே பதினான்கு டிகிரியாவது குறைவாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஸ்வெட்டர், குல்லா எல்லாம் இருந்தும் பற்கள் தந்தியடித்தன. ஐம்பது, அறுபது பேர் கிழக்கே பார்த்தபடி நின்றார்கள். யாரும் பேசவில்லை. வானம் முதலில் சாம்பல் நிறம், பிறகு ஆரஞ்சு. மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக மேகத்துக்கு மேலே எழும்பின. கீழே மவுசாகலைத் தண்ணீர் கண்ணாடித் துண்டு போல மின்னியது. சூரியன் எட்டிப் பார்த்ததும் மேளமும் ஊதுகுழலும் முழங்கின.

எல்லாரும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சிங்களப் பாட்டி என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தார். மேற்குப் பக்கம் கையைக் காட்டினார். திரும்பினேன்.

அடேயப்பா!

மலையின் நிழல் மேற்கே போய் விழுந்திருந்தது. ஸ்கேல் வைத்து வரைந்தது போல ஒரு முக்கோணம்! தரையில் படுத்துக் கிடப்பதாகத் தெரியவில்லை. பனிமூட்டத்தின் மேல் இன்னொரு மலை எழுந்து நிற்பது போல இருந்தது. 'மலை கூம்பு வடிவம், அதனால் நிழலும் முக்கோணம்' என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் அதுவல்ல. மலை எந்த வடிவத்தில் இருந்தாலும், அதன் உச்சியில் நின்று பார்த்தால் விடியற்கால நிழல் முக்கோணமாகத்தான் தெரியும்.

எப்படி? நேராக நீண்டு போகும் தண்டவாளத்தின் படத்தைப் பாருங்கள். இரண்டு தண்டவாளங்களும் தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தெரியும். உண்மையில் சேர்வதில்லை; தூரம் கூடக் கூட இடைவெளி நம் கண்ணுக்குச் சுருங்கித் தெரிகிறது. நிழலும் அப்படித்தான். சூரியன் தொடுவானத்திலிருந்து ஒரே ஒரு டிகிரி மேலே இருக்கும்போது, ஒரு மீட்டர் கம்பின் நிழல் சமதரையில் 57 மீட்டர் நீளம் விழும். அப்படியானால் இரண்டாயிரம் மீட்டர் மலைக்கு? நூறு கிலோமீட்டருக்கும் மேல்! அவ்வளவு தூரத்துக்கு நீளும் நிழலின் மறுமுனை கூராகத் தெரியாமல் வேறெப்படித் தெரியும்? பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூரியன் மேலே வர, நிழல் மலையை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் காணாமலே போய்விட்டது.

பாதம் இருக்கும் சிறிய மண்டபத்தை வணங்கிவிட்டு மணியிடம் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் பாட்டி. கயிற்றைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... இருபத்து மூன்று! கூட்டம் அவரை ஆச்சரியமாகப் பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அடுத்து நான். கயிறு கையில் இருக்கிறது. ஒன்றா, இரண்டா?

இரண்டு அடித்தால் அங்கே கேட்பதற்கு யாரும் இல்லை. என்னை யாருக்குத் தெரியும்? தோழியும் சந்தோஷப்படுவாள். ஐம்பது வருட ஆசை இல்லையா? ஆனால், குழந்தைகளே, வகுப்புக்கு வராத தோழிக்காகக் குரலை மாற்றி 'உள்ளேன் டீச்சர்' சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேரை நான் முட்டி போட வைத்திருக்கிறேன் தெரியுமா? அந்தப் பிள்ளைகள் எல்லாரும் அன்று மலை உச்சியில் வரிசையாக நின்று என்னையே பார்ப்பது போல இருந்தது!

பின்னால் நின்றவரிடம் சைகையில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, செல்போனை எடுத்தேன். உள்ளூர் சிம் போட்டிருந்தேன். உச்சியில் சிக்னல் இருந்தது. இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றுதான் என்பதால், கோத்தகிரியில் அவள் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேலே நிக்கிறேன். கேட்டுக்கோ" என்று மட்டும் சொன்னேன். போனை மணிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன்.

'டாண்...'

ஓசை மலையை விட்டு இறங்கிப் பள்ளத்தாக்குக்குள் போய்க் கரைந்தது. போனைக் காதில் வைத்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அடுப்பில் ஏதோ பொங்கி வழியும் ஓசை மட்டும் கேட்டது.

"அக்கா, ஒண்ணுதானே கேட்டுச்சு?"

"ஆமாம்மா. ஒண்ணுதான் அடிச்சேன். ஏறினவங்க ஏறின கணக்குக்குத்தான் அடிக்கணுமாம். உன்கிட்ட தெரியாம வாக்குக் கொடுத்துட்டேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டாளோ என்று என் வயிற்றில் புளியைக் கரைத்தது. பிறகு சொன்னாள்: "அப்ப என்னோடது அங்கேயே இருக்குது. இருக்கட்டும்கா."

பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். கயிற்றை விட்டேன்.

இறங்குவது சுலபம் என்று யாராவது சொன்னால், அவர் மலையே ஏறாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் தொடைத் தசைகள்தான் உடம்புக்குப் பிரேக் போடுகின்றன. பாதி வழியிலேயே என் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. இன்னொன்று, ராத்திரியில் தெரியாத பள்ளம் எல்லாம் பகலில் தெரிந்தது! இருட்டு எனக்கு எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறது! கடைக்கார இளைஞர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு ஒற்றை விரலை உயர்த்தினார். நானும் ஒரு விரலைக் காட்டினேன். காசு வாங்காமல் ஒரு தேத்தண்ணி கொடுத்தார். ஏழரை மணிக்கு நுவரெலியா போய்ச் சேர்ந்தேன். குழுத் தலைவர் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். அடுத்த மூன்று நாள் நான் மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் இறங்கினேன். சக பயணிகளுக்கு ஒரே சிரிப்பு.

தோழி அடுத்த வருடமே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். 2020ல் கொரோனா வந்தது. அப்புறம் அவள் வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு பிரசவம். இப்போது அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள். தினமும் காலையில் கோத்தகிரி ஏற்றத்தில் பத்துப் படி ஏறுவது, நிற்பது என்று பழகுகிறாளாம். பதிமூன்றாம் வாய்ப்பாடும் சொல்லிப் பார்க்கிறாளாம். போன வாரம் போன் செய்து, அந்த டார்ச் லைட் இன்னும் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கிறது. பேட்டரிதான் புதிதாக வாங்க வேண்டும்.